மேப்பில் கட்டடம் எழுந்து நின்றால் வழி தெரிந்துவிடுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நகரத்தில் நடந்து போகிறவர்களுக்காக ஒரு ஆப் செய்கிறோம், கட்டடமெல்லாம் எழும்பி நிற்கும் 3டி மேப் வைக்கலாமா, பழைய தட்டை மேப்பே போதுமா, எதை வைத்தால் ஆள் தடுமாறாமல் போய்ச் சேருவார்?

என் பதில்: திரையில் காட்டுவது தட்டையாகவே இருக்கட்டும். உள்ளே வைத்திருக்கும் தரவு மட்டும் 3டியாக இருக்கட்டும். ஊரே அடையாளம் சொல்லும் சில கட்டடங்களை மட்டும் எழுப்பி வரையுங்கள், மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். மேப் போடுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் மீதியைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் நான் அசடு வழிந்த கதை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சவுத் பிரிட்ஜ் என்று ஒரு தெரு. பெயரில்தான் பாலம், நடந்து போனால் இரண்டு பக்கமும் கடை, வீடு, பஸ் நிறுத்தம் என்று சாதாரணத் தெருவாகத்தான் தெரியும். 1788இல் திறந்த பாலம் அது, மொத்தம் 19 வளைவுகள். அதில் வெளியே தெரிவது ஒன்றே ஒன்றுதான், மற்ற அத்தனையையும் இரண்டு பக்கக் கட்டடங்களும் ஒட்டி நின்று மூடிவிட்டன. அந்த ஒரு வளைவுக்கு அடியில் கவ்கேட் என்ற இன்னொரு தெரு ஓடுகிறது. நான் போக வேண்டிய கடை கவ்கேட்டில். போனில் பார்த்தால் இரண்டு தெருவும் கூட்டல் குறி மாதிரி வெட்டிக்கொள்கின்றன, நீலப் புள்ளி சரியாக அந்த வெட்டில் நிற்கிறது, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வேறு சொல்கிறது. சுற்றிலும் பார்க்கிறேன், நாற்சந்தியே இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கீழே, நல்ல ஆழத்தில், நான் தேடும் தெருவில் ஜனங்கள் பாட்டுக்கு நடந்து போகிறார்கள். வந்த வழியே வடக்கே திரும்பி, ஹண்டர் ஸ்கொயர் பக்கம் போய், பிளேர் ஸ்ட்ரீட் சரிவில் இறங்கித்தான் அந்தக் கடையைப் பிடித்தேன். அதற்குள் மழை வேறு.

இதைச் சொன்னால் எல்லோரும் உடனே, "பார்த்தீங்களா, 3டி இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அன்று ராத்திரி அறைக்கு வந்து 3டி காட்சியைத் திறந்தேன். கட்டடங்கள் அழகாக நின்றன. கவ்கேட்டைக் காணவே காணோம். கட்டடங்களின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தட்டை மேப் பொய்யாவது சொன்னது, 3டி வாயே திறக்கவில்லை. அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல்தான்: இறங்கு.

இது அந்த ஊரின் கோளாறு இல்லை, கணக்கே அப்படி. 45 டிகிரி சாய்வில் 3டி மேப்பைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 30 மீட்டர் உயரக் கட்டடம் தனக்குப் பின்னால் தரையில் 30 மீட்டரை மறைக்கும். பழைய நகரங்களில் பின்தெரு 10 மீட்டர் அகலம் இருந்தாலே பெரிய விஷயம். ஆக, தெரு முழுசாகப் போயிற்று, எதிர்வரிசைக் கட்டடமும் 20 மீட்டர் உயரம் வரைக்கும் போயிற்று. கொஞ்சம் மேலே ஏறி 60 டிகிரியில் பார்த்தாலும் 17 மீட்டர் மறைகிறது. முழுக்க மேலே போய் 90 டிகிரியில் பார்த்தால் மறைவே கிடையாது; ஆனால் அப்போது நீங்கள் பார்ப்பதற்குப் பெயர் 2டி மேப்.

கட்டடத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி ஊடுருவிப் பார்க்க வைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு கண்ணாடிப் பெட்டி வந்ததும் எது முன்னால், எது பின்னால் என்று வரைந்தவனுக்கே தெரியாமல் போகிறது.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டர் காலத்துக்கு வெகுநாள் முந்தியது. பாரிஸ் நகர நிர்வாகத்தின் தலைவராக இருந்த டுர்கோ, லூயி பிரெத்தே என்பவரை 1734இல் பிடித்து, ஊரை வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி வரையச் சொன்னார். மாளிகை, தோட்டம் என்று எல்லா இடத்துக்கும் உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்தார்கள். 1739இல் 20 தாள்களாக வெளிவந்தது, ஒட்டினால் ஒரு சுவரையே அடைக்கும். ஜன்னல், மரம் எல்லாம் தெரியும். பாரிஸின் பெருமையை ஊருக்குக் காட்டுவதற்காக வந்த படம் அது, அந்த வேலையை அற்புதமாகச் செய்கிறது. ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு வழி பார்க்க அதை எடுத்தால் கண் பூத்துப் போகும்.

அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1748இல், ரோமில் ஜாம்பத்திஸ்தா நொல்லி வேறு மாதிரி யோசித்தார். 12 தாள், முழுக்கத் தட்டை. கட்டடமெல்லாம் கறுப்பு, தெருவெல்லாம் வெள்ளை. இதில் என்ன விசேஷம் என்றால், பாந்தியன் கோவிலின் உட்புறமும் தேவாலயங்களின் உட்கூடங்களும் வெள்ளையாகவே இருக்கும், தூண்கள் உட்பட உள்ளமைப்போடு. அதாவது பொதுஜனம் கால் வைக்கக்கூடிய இடமெல்லாம் வெள்ளை. உயரம் என்று எதுவுமே இல்லாத அந்தப் படம், நடக்கிறவனுக்கு எது வேண்டும் என்பதை பாரிஸ் படத்தைவிட நன்றாகப் புரிந்துகொண்டது என்பது என் கட்சி. இன்றைக்கு ஒரு வணிக வளாகத்தின் நடைபாதையைத் தெருவின் தொடர்ச்சியாகக் காட்டும் மேப்களுக்கெல்லாம் பாட்டன் நொல்லிதான்.

1960களில் ஹெர்மன் பொல்மான் என்ற ஜெர்மானியர் நியூயார்க்கை 3டியாக வரைந்தார். பல ஆயிரம் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு கட்டடமாக. மன்ஹாட்டனில் கட்டடம் தெருவை மறைக்குமே, என்ன செய்தார்? தெருக்களை நிஜத்தைவிட அகலமாக வரைந்துவிட்டார். சரியான தந்திரம். ஆனால் கவனியுங்கள், 3டியை உபயோகப்பட வைக்க அவரே அளவில் பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஜிபிஎஸ் புள்ளியை அதன் மேல் வைக்க வேண்டிய உங்கள் ஆப்பில் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.

சரி, மறைப்பதை விடுங்கள். 3டிக்காரர்கள் சொல்லும் முக்கிய நன்மை வேறு: எதிரில் நிற்கும் கட்டடத்தையும் திரையில் இருப்பதையும் பார்த்ததும் பொருத்திவிடலாம், யோசிக்கவே வேண்டாம் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஹெல்சிங்கியின் 3டி மாதிரியை போனில் வைத்து இதைச் சோதித்து, ஆண்ட்டி ஔலஸ்விர்தாவும் இரண்டு சகாக்களும் 2009இல் ஒரு கட்டுரை போட்டார்கள். மேப்பில் காட்டிய கட்டடத்தை ஆட்கள் தெருவில் நின்று கண்டுபிடிக்க வேண்டும். 2டி வைத்திருந்தவர்கள் தெருப் பெயரைப் பார்த்தார்கள், முக்கைப் பார்த்தார்கள், ஊரைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததைப் பயன்படுத்தினார்கள், போனையும் உடம்பையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். 3டியில் எதிர்பார்த்த இரண்டு நன்மையுமே, அதாவது சட்டென்று அடையாளம் காண்பதும் நாம் பார்க்கும் கோணத்திலேயே படம் தெரிவதும், சரியாக வேலை செய்யவில்லை. பழகப் பழகச் சிலர் 3டிக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துத் தேறினார்கள் என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்து ரயில் நிலைய வாசலில் நிற்பவருக்குப் பழக நேரம் ஏது?

ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன். 3டி மாதிரிகளில் பெரும்பாலானவை விமானத்திலிருந்து எடுத்த படங்களால் ஆனவை. அவற்றில் மொட்டைமாடி பிரமாதமாக இருக்கும், தண்ணீர்த் தொட்டியும் ஏசி பெட்டியும் துல்லியமாகத் தெரியும். கீழே வரவர மோசமாகும், தரைத்தளத்தில் மரமும் கடை வாசலும் மெழுகு உருகின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நடப்பவர் பார்ப்பதோ நேர் தலைகீழ். அவர் கண்ணுக்கு மொட்டைமாடி தெரியவே தெரியாது, தரைத்தளம் மட்டும்தான் தெரியும்: கடைப் பெயர்ப் பலகை, மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை, படிக்கட்டு, பஸ் நிறுத்தக் கூரை. பறவைக்குத் தெரிகிற ஊரை மனுஷனுக்குக் காட்டினால் அவர் என்ன செய்வார்?

உண்மையில் நடப்பவர்களைத் தடுமாற வைப்பது உயரம் இல்லை, திசை. சுரங்க ரயிலிலிருந்து மேலே வருகிறீர்கள், இரண்டு மூன்று திருப்பம், ஒரு எஸ்கலேட்டர், வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாது. அந்த முதல் பத்து விநாடியில்தான் பாதிப் பேர் தப்பான பக்கம் நடக்கிறார்கள். (பாதி என்பது என் வாய்க்கணக்கு, அளந்ததில்லை.) மேப் வடக்கை மேலே வைத்திருக்கிறது, நீங்கள் தெற்கே பார்த்து நிற்கிறீர்கள் என்றால், மனசுக்குள் படத்தைத் திருப்ப வேண்டும். ஒரு உருவத்தை மனசுக்குள் திருப்ப ஆகும் நேரம், திருப்ப வேண்டிய கோணத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகிறது என்று ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சுவரில் மாட்டும் 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' பலகைகளைப் பற்றி 1980களில் மார்வின் லெவின் செய்த ஆய்வும் அதைத்தான் சொன்னது: பலகையின் மேல்பக்கம் பார்ப்பவரின் முன்பக்கமாக இருக்க வேண்டும், தப்பாக மாட்டினால் ஆட்கள் தப்பான பக்கம் போகிறார்கள்.

நம் பேச்சில் இரண்டு முறையுமே உண்டு. என் பாட்டி, "வடக்கால போயி மேக்கால திரும்பு" என்பாள், அவளுக்கு இருட்டிலும் வடக்கு எது என்று தெரியும். பஸ் நிலையத்தில் வழி கேட்டால், "நேரா போங்க, சோத்துக்கைப் பக்கம் ஒரு பிள்ளையார் கோவில் வரும்" என்பார்கள். முன்னது வடக்கு மேலே இருக்கும் மேப், பின்னது ஆளோடு சேர்ந்து திரும்பும் மேப். புது ஊரில் நடப்பவருக்குச் சோத்துக்கைதான் தெரியும், வடக்கு தெரியாது. ஆனால் ஒரு ஊரைப் பலமுறை சுற்றி மனசில் பதிய வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வடக்கு அசையாமல் இருப்பதுதான் நல்லது. ஆகவே உங்கள் ஆப்பில் திருப்பிப் போடும் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும், அதை மூன்று மெனுவுக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

லண்டனில் இதையெல்லாம் சேர்த்து ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அங்கே மையப் பகுதியில் மட்டும் நடப்பவர்களுக்கென்று 32 விதமான வழிகாட்டிப் பலகை முறைகள் இருந்தனவாம், ஒவ்வொரு வட்டாரமும் தன் இஷ்டத்துக்கு. ஜனங்களோ தரைக்கு மேலே நடக்கவும் சுரங்க ரயில் படத்தையே மனசில் வைத்திருந்தார்கள். 1933இல் அச்சான ஹாரி பெக்கின் அந்தப் படம் ரயில் மாறுவதற்கு அருமையானது, ஆனால் தூரத்தை அது கணக்கிலேயே எடுக்காது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான், அதற்கு ரயில் ஏறி, இறங்கி, லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இன்றும் உண்டு. 2007இல் பாண்ட் ஸ்ட்ரீட் பகுதியில் 'லெஜிபிள் லண்டன்' என்ற பெயரில் புதுப் பலகைகளைச் சோதனைக்கு நட்டார்கள், அப்புறம் ஊர் முழுக்கப் பரவிற்று. அந்தப் பலகையின் மேப்பைப் பார்த்தால் நான் முதலில் சொன்ன பதில் அப்படியே இருக்கும். பார்ப்பவர் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறாரோ அந்தப் பக்கம் மேலே. சாதாரணக் கட்டடமெல்லாம் தட்டை. முக்கியமான கட்டடங்கள் மட்டும் 3டியாக எழும்பி நிற்கும். கூடவே ஐந்து நிமிட நடைக்கு ஒரு வட்டம்; நம் ஊரில் கூப்பிடு தூரம் என்போமே, கிட்டத்தட்ட அது. நியூயார்க்கும் 2013இல் இதே பாணியில் ஆளோடு திரும்பும் மேப்களை நட்டது.

எல்லாவற்றையும் எழுப்பினால் எதுவும் தெரியாது, சிலதை மட்டும் எழுப்பினால் அது மட்டும் தெரியும். விஷயம் அவ்வளவுதான். எந்தக் கட்டடத்தை எழுப்புவது என்பதில்தான் கைத்திறமை. உயரமானதை எழுப்பலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ஆனால் 10 மீட்டர் அகலத் தெருவில், இரண்டு பக்கமும் 30 மீட்டர் சுவர் இருக்க, நாலு தெரு தள்ளி நிற்கும் கோபுரம் கண்ணில் படவே படாது. திருப்பம் வரும் முக்கில் நிற்கும், பக்கத்துக் கட்டடங்களிலிருந்து வித்தியாசமான, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும் கட்டடம்தான் வேண்டும், அது இரண்டே மாடியாக இருந்தாலும் சரி. நகர அமைப்பு ஆய்வாளர் கெவின் லிஞ்ச் 1960இல் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மூன்று ஊரிலும் ஜனங்கள் ஊரை எப்படி மனசில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதியபோது ஐந்து விஷயம் சொன்னார்: பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். ஐந்தில் ஒன்றுதான் அடையாளம். 3டி மேப் செய்பவர்கள் அந்த ஒன்றிலேயே முழுப் பணத்தையும் கொட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தரை என்று ஒன்றே ஒன்று இருக்கும் ஊர்களுக்கு. ஹாங்காங்குக்கு வாருங்கள். அங்கே சென்ட்ரல் பகுதியில் எது தரை என்பதே வழக்குக்குரிய விஷயம். ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறையில் இறங்கி நடைமேம்பாலத்தில் ஏறினால், ஐஎஃப்சி வணிக வளாகத்துக்குள் புகுந்து, கன்னாட் ரோட்டைத் தாண்டி, ஹாங் செங் வங்கித் தலைமையகத்தை ஒட்டிப் போய், பழைய சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து மலைச்சரிவில் ஏறும் எஸ்கலேட்டர் வரிசையைப் பிடித்துவிடலாம், அதுவரைக்கும் சாலையில் கால் வைக்க வேண்டியதே இல்லை. 1993இல் திறந்த அந்த எஸ்கலேட்டர் வரிசை 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம்.

இந்த இடத்தைத் தட்டை மேப் எப்படிக் காட்டும்? கன்னாட் ரோட்டை நேரே குறுக்கே கடந்துவிடலாம் போலக் காட்டும். அங்கே போய் நின்றால் பல தடச் சாலை, நடுவில் வேலி, வண்டிகள் பறக்கின்றன. மேலே ஏறினால்தான் வழி, ஏறும் படிக்கட்டு எங்கே என்று மேப்பில் இல்லை. அப்போ 3டி? திறந்த உடனே 412 மீட்டர் ஐஎஃப்சி கோபுரம் கண்ணைப் பறிக்கும். உங்களுக்கு வேண்டிய கதவோ அதன் காலடியில், வளாகத்துக்குள்ளே. நடைமேம்பாலத்துக்குக் கூரை போட்டிருக்கிறது, வானத்திலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். வளாகத்தின் உள்பாதை அந்த மாதிரியில் கிடையவே கிடையாது. இரண்டுமே உபயோகமில்லை. வேண்டியது வலைப்பின்னல்: எந்தப் பாதைத் துண்டு எந்த மட்டத்தில் இருக்கிறது, எதனோடு சேர்கிறது, சேரும் இடம் படியா, லிஃப்டா, எஸ்கலேட்டரா, சரிவா என்ற கணக்கு. ஹாங்காங் அரசின் நிலத்துறை இதைப் புரிந்துகொண்டு, நடைபாதைகளை உயரத்தோடு சேர்த்து 3டி வலைப்பின்னலாகவே பொதுத் தரவாகக் கொடுத்திருக்கிறது. திறந்து பார்த்தால் வெறும் கோடுகள், பார்க்க ஒரு அழகும் இல்லை. நடப்பவருக்கு உண்மையில் உதவும் 3டி மேப் அந்தக் கோடுகள்தான்.

உயரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நேரமும் தப்பும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு குத்துமதிப்புக் கணக்கு போட்டார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். நம் அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சரிவைப் படியேறிப் போவதாகப் பாருங்கள். 800 மீட்டருக்குத் தட்டை மேப் 10 நிமிடம் என்று சொல்லும். 135 மீட்டர் ஏற்றம் தனியாக 13 நிமிடத்துக்கு மேல் கேட்கும். மொத்தம் 23, 24 நிமிடம். கையில் குழந்தையோ மூட்டையோ இருந்தால் அதுவும் போதாது. அதே ஊரில் ஹாங்காங் பல்கலைக்கழக ரயில் நிலையம் மேப்பில் வளாகத்தை ஒட்டியே இருக்கும். நடைமேடை சுமார் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, வளாகத்துக்கு மேலே வர லிஃப்டைத்தான் நம்ப வேண்டும், காலையில் அதற்கு நிற்கும் வரிசையை எந்த மேப்பும் சொல்லாது.

ஒரு சின்ன இடைச்செருகல். கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழ் இருக்கிறது, மேற்கு என்ற சொல்லுக்குள் மேல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே நிலம் சரிகிறது. அதைப் பார்த்து வைத்த பெயர்கள். நம் திசைச் சொற்களே முழுசாக 2டி இல்லை பாருங்கள்.

அடுக்கடுக்கான இடத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு நேரத்தில் ஒரு மட்டம். ஆள் நிற்கும் மட்டம் அழுத்தமாக, மேலும் கீழும் இருப்பவை மங்கலாக, மட்டம் மாறும் இடத்தில் மட்டும் பெரிதாக ஒரு அம்பும் 'ஏறு', 'இறங்கு' என்ற சொல்லும். இதற்கு ஒரே விதிவிலக்கு பெரிய ரயில் நிலையங்கள். டோக்கியோவின் ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே சுரங்க ரயிலான கின்சா லைன் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வந்து நிற்கும், அதே நிலையத்தில் ஃபுகுதோஷின் லைன் தரைக்குக் கீழே ஐந்தாம் தளத்தில். இந்த மாதிரி இடத்துக்கு ஜப்பானில் போடும் நிலையப் படங்கள், டிபன் கேரியரைப் பிரித்து அடுக்குகளை இடைவெளி விட்டு மேலும் கீழும் வைத்த மாதிரி இருக்கும், நடுவில் எஸ்கலேட்டர்களும் லிஃப்டுகளும் கோடாக இறங்கும். அதுவும் 3டிதான், ஆனால் நிஜ உயரம் இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை. மறைப்பதை எல்லாம் கழற்றிவிட்ட 3டி. அது வேலை செய்கிறது. அதையும் நடந்துகொண்டே பார்க்க முடியாது, ஒரு தூணில் சாய்ந்து நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம், ஆள் எந்த மட்டத்தில் நிற்கிறார் என்று உங்கள் ஆப்புக்கு எப்படித் தெரியும்? இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள், பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். வெட்டவெளியில் போனின் ஜிபிஎஸ் 5 மீட்டர் ஆரத்துக்குள் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் நீலப் புள்ளி எதிர்ப்பக்க நடைபாதைக்கோ அடுத்த தெருவுக்கோ தாவும். வேடிக்கை என்னவென்றால், 3டி மாதிரியின் மிகப் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது: எந்தச் சுவர் எந்த சாட்டிலைட்டை மறைக்கும் என்று கணக்குப் போட்டுப் புள்ளியைத் திருத்தலாம். 2020 கடைசியில் கூகுள் இதை ஆண்ட்ராய்டில் சேர்க்க ஆரம்பித்தது. பயன்படுத்துபவர் அந்தக் கட்டடங்களைப் பார்ப்பதே இல்லை, புள்ளி மட்டும் சரியான நடைபாதையில் நிற்கும். உயரத்துக்கு ஜிபிஎஸ் இன்னும் மோசம், குறுக்கே வரும் பிழையைவிட மேலும் கீழும் வரும் பிழை பொதுவாகவே அதிகம். பல போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது, சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும், ஆகவே ஒரு மாடி ஏறினார், இறங்கினார் என்பதை நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால் ஆரம்பத்தில் எந்த மாடியில் இருந்தார் என்பது அதற்குத் தெரியாது, வானிலை மாறினாலும் அளவு நகரும். சில சமயம் ஆளையே கேட்டுவிடுவது உத்தமம்: பாலத்தின் மேலே இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா? கவ்கேட்டில் என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேமராவைத் தூக்கிப் பிடித்தால் தெருவின் மேலேயே அம்பு மிதக்கும் வசதியைப் பற்றியும் கேட்பீர்கள். கூகுள் 2019 ஆகஸ்டில் 'லைவ் வியூ' என்று அதைப் பரவலாகக் கொடுத்தது. கேமரா பார்ப்பதை ஏற்கெனவே எடுத்து வைத்த தெருப் படங்களோடு ஒப்பிட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடும். போனுக்குள் இருக்கும் திசைகாட்டி இரும்புக் கம்பிக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் உளறுமே, அந்தக் குறையை இது தீர்க்கிறது. ரயில் நிலைய வாசலின் அந்த முதல் பத்து விநாடிக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு அணைத்துவிட வேண்டும். போனைக் கீழே இறக்குங்கள் என்று அந்த ஆப்பே சொல்லும். கையை நீட்டிக்கொண்டு கூட்டத்தில் நடப்பது நமக்கும் ஆபத்து, எதிரில் வருபவருக்கும் ஆபத்து. பேட்டரி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானில் தோரு இஷிகாவாவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தவர்கள் காகித மேப் வைத்திருந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அதிக தடவை நின்றார்கள். கருவிகள் அப்புறம் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனால் சின்னத் திரையில் முழு வழியும் ஒரே பார்வையில் தெரியாது என்பது மாறவில்லை. 3டி அந்தச் சின்னத் திரையையும் பாதி வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் புறப்படும் முன் முழு வழியையும் தட்டையாக ஒருமுறை காட்டிவிடுங்கள், எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

செய்து முடித்ததும் அலுவலகத்துக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள், அங்கே 3டிதான் ஜெயிக்கும், பார்க்க நன்றாக இருக்கும், முதலாளிக்கும் பிடிக்கும். ஊர் தெரியாத நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மேம்பாலமும் சுரங்கப்பாதையும் இருக்கும் ஒரு சந்திப்பில் விடுங்கள், வெயில் நேரமாகப் பார்த்து விடுங்கள், திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியிலோ குழந்தையின் தள்ளுவண்டியோடோ வரட்டும். அவருக்கு மூன்று படி என்பது சுவர். அந்த மூன்று படி 3டி மாதிரியில் கண்ணுக்கே தெரியாது, தட்டை மேப்பிலும் இருக்காது, உங்கள் தரவில் இருந்தால்தான் உண்டு.

தரவில் நேரத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி வையுங்கள். லிஃப்ட் ராத்திரி பூட்டுவார்கள், வணிக வளாகம் மூடினால் அதன் வழியே போகும் பாதையும் மூடும். அந்த ஹாங்காங் எஸ்கலேட்டர் வரிசை இருக்கிறதே, காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை கீழ்நோக்கி மட்டும்தான் ஓடும், வேலைக்கு இறங்கிப் போகிறவர்களுக்காக; 10 மணிக்குத் திசையை மாற்றி, நள்ளிரவு வரை மேல்நோக்கி விடுவார்கள். ஒன்பதே முக்காலுக்கு மேலே போக வழி கேட்பவருக்கு, பக்கத்துப் படிக்கட்டில் ஏறுங்கள், இல்லையென்றால் கால் மணி நேரம் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று உங்கள் ஆப் சொல்ல வேண்டும்.